புதுப்பிப்பு: வட்ட மேசைவிரிப்பு ஏன் நெளிந்தது?

போன வாரம் கேட்டிருந்தேனே, நான் வடிவமைத்த குரோஷே (கொக்கி ஊசியால் நூலைப் பின்னுவது) மேசைவிரிப்பு, என் குறிப்பைப் பார்த்து லண்டனில் பின்னிய அக்காவுக்கு மட்டும் ஏன் ஓரமெல்லாம் அலையலையாக நெளிகிறது என்று. காரணம் கிடைத்துவிட்டது!

அவர் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு சுற்றும் பாதி உயரம்தான். உயரமான பின்னலை நான் அமெரிக்க வழக்கில் ‘டபுள் குரோஷே’ என்று எழுதியிருந்தேன். பிரிட்டிஷ் வழக்கில் அதே பெயர் குட்டைப் பின்னலுக்கு. உயரமான பின்னலில் சுற்றுக்கு 12 பின்னல் கூட்டினால் தட்டையாக உட்காரும். குட்டைக்கு 6 போதும். அவர் பாவம், 12 கூட்டியிருக்கிறார்.

கூட்டும் இடத்தைச் சுற்றுக்குச் சுற்று தள்ளிவைக்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. வட்டம் மூலை மூலையாக முனை தட்டியது நின்றுவிட்டது. குறிப்பின் முதல் வரியில் எந்த வழக்கு என்று சேர்த்துவிட்டேன். அக்கா மறுபடி ஆரம்பித்திருக்கிறார்.