ஜப்பானிய மொழியில் 'நி', 'டெ': எங்கே எது?

தக்கலை மாணவி:
ஜப்பானிய மொழித் திறன் தேர்வோட (JLPT) ஆரம்ப நிலையான என்5 தேர்வுக்குப் படிக்கிறேன். 'குளச்சலில்' என்பதற்கு சில இடத்தில் 'நி', சில இடத்தில் 'டெ' வருது. எப்படிப் பிரிச்சுப் பாக்க?

மார்த்தாண்டம்:
தமிழ்ல ரெண்டுக்குமே '-இல்' போதும், அதான் குழப்பம். வினையைப் பாருங்க. ஒரு பொருள் அங்கே இருந்தா 'நி': 'குளச்சல் நி ஃபுனெ க அரிமாஸ்', வள்ளம் இருக்கு. செயல் அங்கே நடந்தா 'டெ': 'குளச்சல் டெ ஸகனா ஓ கைமாஸ்', மீன் வாங்குறேன்.

தக்கலை மாணவி:
அப்போ 'அரிமாஸ்' வந்தாலே 'நி'தானா அண்ணே?

மார்த்தாண்டம்:
அங்கதான் மார்க் போவும். 'குளச்சலில் திருவிழா இருக்கு' என்றால் 'குளச்சல் டெ மத்ஸுரி க அரிமாஸ்'. திருவிழா பொருள் இல்ல, நடக்குற காரியம். '-இல் நடக்குது'ன்னு மாத்திச் சொல்ல முடிஞ்சா 'டெ' போடுங்க.

நாகர்கோவில்:
இன்னும் ஒண்ணு. வசிக்கிறதுக்கு 'நி': 'நாகர்கோவில் நி ஸுந்தெ இமாஸ்'. வேலையைச் சொல்ல 'ஹதராகு' (வேலை செய்றது) வந்தா 'டெ', 'த்ஸுதொமெரு' (ஒரு இடத்துல வேலையில இருக்குறது) வந்தா 'நி'. இதுக்குக் குறுக்குவழி தேடாதீங்க. வினையோட உருபையும் சேர்த்தே மனப்பாடம் பண்ணுங்க. பஸ்ஸில் போறதும் 'டெ'தான், 'பஸு டெ இகிமாஸ்', ஆனா அது கருவிப் பொருள், இடம் இல்ல.