தெருத் தண்ணீர்த் தொட்டிக்கு சென்சார்: எங்கிருந்து தொடங்குவது?

வியாசர்பாடிப் பொண்ணு:
கடைசி வருஷம் இசிஇ படிக்கிறேன். எங்கள் தெருமுனை சின்டெக்ஸ் தொட்டியை லாரி வந்து நிரப்பும், எப்போது வரும் என்றுதான் யாருக்கும் தெரியாது. அம்மா காலை ஐந்து மணிக்கே குடத்தை வரிசையில் வைத்துவிட்டு எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். தொட்டி மூடியில் ஒலியை அனுப்பித் தண்ணீர் மட்டத்தை அளக்கும் ஒரு அல்ட்ராசோனிக் சென்சார், கூடவே அதை இயக்க இஎஸ்பி32 என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டு, தண்ணீர் ஏறியதும் எல்லார் போனுக்கும் செய்தி, இதுதான் என் புராஜெக்ட். டிசைன் திங்கிங் வகுப்பில் முதலில் மக்களிடம் கேள், அப்புறம் பிரச்சினை என்ன என்று முடிவு செய் என்றார்கள். நான் நேராகக் கருவியின் மாதிரியைச் செய்யப் போய்விட்டேனோ என்று உறுத்துகிறது. எலெக்ட்ரானிக்ஸ் சாமான் வாங்க ரிச்சி தெருவுக்குப் போகும் முன் என்ன செய்யணும்?

சால்டரிங் அண்ணன்:
பொருளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சாதாரண எச்சிஎஸ்ஆர்04 அல்ட்ராசோனிக் சென்சார் தொட்டிக்குள் இருக்கும் ஈரத்தில் சீக்கிரம் கெட்டுவிடும், வாட்டர்புரூஃப் வகையே வாங்கும்மா. அதற்கு முகத்துக்கு நேரே இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டருக்குள் இருப்பது கண் தெரியாது, அதனால் தொட்டி நிரம்பினாலும் அவ்வளவு இடைவெளி இருக்கும்படி மாட்டு. 5 வோல்ட்டில் ஓடவிட்டால் சென்சார் பதில் சிக்னல் அனுப்பும் எக்கோ ஒயரை அப்படியே இஎஸ்பியில் கொடுக்காதே, இஎஸ்பி 3.3 வோல்ட்தான் தாங்கும், வோல்ட்டைக் குறைக்க நடுவில் இரண்டு ரெசிஸ்டர் போடு. தெருமுனையில் வைஃபை இருக்காது, செய்தி அனுப்ப சிம் போடும் மாட்யூல் வேணும். விலை குறைவு என்று 2ஜி மாட்யூல் வாங்கினால் அதில் ஜியோ சிம் வேலை செய்யாது.

தண்டையார்பேட்டை அக்கா:
தங்கச்சி, தண்ணீர் ஏறியதும் செய்தி வந்தால் அம்மாவுக்கு என்ன பயன்? லாரிக்காரர் ஓஸைத் தொட்டிக்குள் விடும்போதே பக்கத்து வீடுகள் குடத்தோடு வந்து நிற்கும். சென்சார் வேணுமா என்று கேட்டால் எல்லாரும் வேணும் என்றுதான் சொல்வார்கள். நேற்று எப்படித் தண்ணி பிடிச்சீங்க, விடிஞ்சதிலிருந்து சொல்லுங்க என்று கேள். 2019 கோடையில், சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நாலும் வறண்டு கிடந்தபோது எங்கள் தெருவில் நான் இப்படித்தான் கேட்டேன். சிலருக்கு லாரி வரும் நேரம் தெரியணும், சிலருக்கு வேலை முடிந்து வரும்போது தொட்டியில் மிச்சம் இருக்குமா என்று தெரியணும். இரண்டுக்கும் ஒரே செய்தி போதாது.

முதல் மாதிரிக்குக் காசு செலவழிக்காதே. உங்களுக்கு முன்னால் லாரி எந்தத் தெருவில் நிற்கிறதோ, அங்கே ஒரு பெட்டிக்கடைக்காரரிடம் பேசி, லாரி வந்ததும் உனக்கு மிஸ்டு கால் கொடுக்கச் சொல். நீ வாட்ஸ்அப் குழுவில் வாய்ஸ் போடு, ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்குக் கூப்பிட்டுச் சொல். இரண்டு வாரம் சென்சார் வேலையை நீயே பார். எத்தனை நிமிஷம் முன்னால் சொன்னால் போதும், யாருக்குச் செய்தி போய்ச் சேரவே இல்லை என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும்.

சால்டரிங் அண்ணன்:
அக்கா சொல்வது சரி, நான் ஒயரிலேயே நின்றுவிட்டேன். இன்னொன்று, தொட்டி நம்முடையது இல்லை, மூடியில் கை வைக்கும் முன் குடிநீர் வாரிய ஏரியா ஆபீஸில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கு. டிரைவரிடமும் பேசு, தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று அவர் நினைத்துவிடக் கூடாது.

வியாசர்பாடிப் பொண்ணு:
நேற்று ராத்திரி அம்மாவிடமும் நான்கு வீடுகளிலும் கேட்டேன். மூன்று வீடுகளில் பகலில் போன் மகன் கையில்தான் இருக்குமாம், எங்கள் வீட்டிலும் அப்படித்தான், இத்தனை நாள் எனக்கு அது தோன்றவே இல்லை! போன் செய்திக்குப் பதில், பின் தெருத் தொட்டியில் தண்ணீர் ஏறினால் எங்கள் தெருவில் ஒரு மணி அடிக்கிற மாதிரி யோசிக்கிறேன், லாரி அங்கே நின்றுவிட்டுத்தான் எங்களிடம் வரும். பெட்டிக்கடை அண்ணன் நாளையிலிருந்து மிஸ்டு கால் தருகிறேன் என்றார். மணிக்குப் பதிலாக இப்போதைக்கு வீட்டில் இருக்கும் எவர்சில்வர் தட்டும் கரண்டியும்.