ஆங்கிலம் கற்பிக்க வெளிநாட்டில் முதுகலை: போகலாமா?

தேன்சிட்டு:
5 ஆண்டுகளாகப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். வகுப்பில் 60 பிள்ளைகள். பிரிட்டனில் ஓராண்டு டெசோல் (பிற மொழி பேசுவோருக்கு ஆங்கிலம் கற்பித்தல்) முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது. கடன் வாங்கித்தான் போக வேண்டும். 10 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். போகலாமா?

கரும்பலகை:
வேண்டாம் என்பேன். அங்கே சொல்லித் தரும் முறைகளில் பல, சின்ன வகுப்பில் கட்டணம் கட்டி விரும்பிப் படிக்கும் பெரியவர்களுக்காக உருவானவை. உங்களிடம் இருப்பதோ தேர்வுக்குப் படிக்கும் 60 பிள்ளைகள். ஆங்கிலக் கற்பித்தல் ஆய்வாளர் ஏட்ரியன் ஹாலிடே 1994-லேயே இந்தப் பொருத்தமின்மையை விரிவாக எழுதினார். இன்று உலகமெங்கும் பேசப்படும் செயல்வழி மொழிக் கற்பித்தலையே (ஒரு வேலையைச் செய்து முடிக்க வைத்து, அதன் வழியே மொழியைக் கற்பிப்பது) எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு வழிகாட்டியவர்களில் முக்கியமானவர் நம் நாட்டு ஆங்கிலக் கற்பித்தல் அறிஞர் என்.எஸ்.பிரபு. 1979 முதல் 1984 வரை நடந்த பெங்களூர்த் திட்டத்தில், சாதாரணப் பள்ளிகளில், இலக்கணப் பாடத்தை ஒதுக்கிவிட்டு ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்துப் பிள்ளைகளை யோசிக்க வைத்தார். அந்த யோசனை வளர்ந்தது உங்களுடையதைப் போன்ற வகுப்புகளில்தான்.

மழைக்கால்:
பிரபுவின் பெயரை நான் முதன்முதலாகக் கேட்டதே வெளிநாட்டில் படிக்கும்போதுதான். அதுவரை என்னிடம் யாரும் சொல்லவில்லை என்பது இன்னும் எனக்கு வருத்தம். இன்னோர் எடுத்துக்காட்டு, இலங்கைத் தமிழரான மொழியியலாளர் சுரேஷ் கனகராஜா. அவர் அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்றவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் அமெரிக்கப் பாடநூலின் ஓரங்களில் கிறுக்கி வைத்தவற்றை ஆராய்ந்து 1993-ல் கட்டுரை வெளியிட்டார். நாமெல்லாம் திட்டிவிட்டு அழிக்கச் சொல்லும் கிறுக்கல்கள்! அவற்றில் மாணவர்களின் எதிர்ப்பைப் படிக்க ஒரு பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சிக்குத்தான் போகச் சொல்கிறேன்.

கரும்பலகை:
கனகராஜா படித்தது முனைவர் பட்டத்துக்கு. இது 12 மாதம். முதுகலைக்கு வேண்டிய 180 கிரெடிட்டில் (படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகு) பெரும்பாலும் 60 ஆய்வேட்டுக்கே போய்விடும். மீதியை இரண்டு பருவத்தில் ஓடி ஓடி முடிக்க வேண்டும். அதில் எங்கே ஊறுவது?

கடைசி பெஞ்ச்:
நான் போய் வந்தவன். ஓராண்டில் உண்மையான மாணவர் முன்னால் ஒருநாள்கூட நிற்கவில்லை. உடன் படித்தவர்களை மாணவர்களாக நடிக்க வைத்துப் பாடம் நடத்தினோம், அவ்வளவுதான். செல்டா என்பது ஆங்கிலம் கற்பிக்கப் பயிற்சி தரும் 120 மணி நேரச் சான்றிதழ்ப் படிப்பு. அதிலேயே 6 மணி நேரம் நிஜ மாணவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டும், பயிற்றுநர் உட்கார்ந்து பார்ப்பார். முதுகலை என்றால் அதைவிட அதிகம் இருக்கும் என்று நம்பிப் போய் ஏமாந்தேன். வாசிப்பு கூடியது உண்மை. ஆனால் வகுப்பறையில் என் கை தேறவில்லை.

மழைக்கால்:
அது படிப்பைத் தேர்ந்தெடுத்ததில் வந்த குறை, வெளிநாட்டின் குறை அல்ல. கற்பித்தல் பயிற்சி உள்ள முதுகலைகளும் இருக்கின்றன. கற்பித்த அனுபவம் இருந்தால்தான் சேர்ப்போம் என்பவையும் உண்டு. என் படிப்பில் ஒரு வேலை: நாம் எடுத்த பாடத்தைப் பதிவு செய்து, ஒவ்வொரு சொல்லாக எழுத வேண்டும். எழுதிப் பார்த்தால், கேள்வி கேட்டு ஒரு நொடிகூடக் காத்திராமல் நானே பதிலும் சொல்லியிருக்கிறேன். பாடம் முழுக்க அப்படித்தான். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

கரும்பலகை:
அந்தப் பதிவைத் தேன்சிட்டு நாளைக்கே தன் வகுப்பில் செய்யலாமே! வேலையை விடாமல் தொலைநிலையில் முதுகலை படிக்கலாம். அனுபவம் இருப்பதால், செல்டாவுக்கு மேல்நிலையான டெல்டா என்ற ஆசிரியர் தகுதிப் படிப்பின் மூன்று பகுதிகளை ஒவ்வொன்றாக முடிக்கலாம். அதைக் காட்டினால் சில பல்கலைக்கழகங்கள் முதுகலையில் கிரெடிட் தருகின்றன. அப்புறம் இன்னொன்று: 2024 ஜனவரி முதல் பிரிட்டனில் இத்தகைய முதுகலைக்குப் போகிறவர்கள் பொதுவாகக் குடும்பத்தை உடன் அழைத்துப் போக முடியாது.

தேன்சிட்டு:
இது எனக்குத் தெரியாது. மகளுக்கு 4 வயது. அவளோடு போவதாகத்தான் நினைத்திருந்தேன். சரி, துறைக்கு இன்றே இரண்டு கேள்வி அனுப்புகிறேன்: நிஜ வகுப்பில் பயிற்சி உண்டா, சேர்க்கையை ஓராண்டு தள்ளிப்போட முடியுமா?

மழைக்கால்:
மூன்றாவதாக இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஆய்வேட்டுக்கான தரவை உங்கள் பழைய வகுப்பிலேயே வந்து சேகரிக்க விடுவார்களா? என்னை விட்டார்கள். அந்த 3 வாரம் நான் என் பிள்ளைகளுடன் இருந்தேன்.