ஸ்கிப்டனில் ஒரு சனி, ஞாயிறு

குழுவாகப் போய்வந்த இடங்களைப் பற்றி எல்லோரும் எழுதுகிறீர்கள். பெரும்பாலும் ஏரி, மலை, கடற்கரை. நான் இங்கிலாந்தில் இருக்கிற ஸ்கிப்டனைச் சொல்கிறேன். வடக்கு யார்க்‌ஷரில் ஒரு சின்னச் சந்தை ஊர், லீட்ஸில் ரயில் ஏறினால் முக்கால் மணி நேரம். நாங்கள் ஐந்து குடும்பம், கூடவே மதுரையிலிருந்து வந்திருந்த என் அப்பா.

போவதென்றால் சந்தை நாளில் போங்கள். திங்கள், புதன், வெள்ளி, சனி என்று வாரத்தில் நான்கு நாள் கூடுகிறது. ஹை ஸ்ட்ரீட்டின் இரண்டு பக்கமும் கல் பாவிய ஓரங்களில் வரிசையாகக் கடைகள். சுற்றுவட்டாரத்து ஜனங்கள் வீட்டுக்கு வேண்டியதை வாங்க வருகிற சந்தை என்பதால் கடைக்காரர்கள் நின்று பேசுகிறார்கள். சீஸ் கடைக்காரர் ஒருவர் நாங்கள் தயங்குவதைப் பார்த்து, உலர்பழக் கேக்கில் ஒரு துண்டு வெட்டி, அதன்மேல் பொலபொலவென்று உதிரும் வென்ஸ்லிடேல் சீஸை வைத்து நீட்டினார். கேக்கோடு சீஸா என்று குழந்தைகள் முகத்தைச் சுளித்தார்கள். தின்று பார்த்ததும் இன்னொரு துண்டு கேட்டார்கள். கேக்கின் இனிப்புக்கு அந்த லேசான புளிப்பு அவ்வளவு பொருத்தம். யார்க்‌ஷரில் கிறிஸ்துமஸுக்கு இப்படித்தான் தின்பார்களாம். "எங்கள் வீட்டில் வருஷம் முழுக்க" என்றார்.

ஆனால் எனக்கு அந்தப் பயணம் என்றால் கால்வாய்ப் படகுத்துறையில் நிற்கிற, இங்கிலாந்து கிரிக்கெட் வேகப்பந்து வீச்சாளர் ஃபிரெட் ட்ரூமனின் சிலைதான். பந்து வீசும் கோலத்தில் வெண்கலச் சிலை. அப்பா அதைப் பார்த்ததும் நின்றுவிட்டார். 1952-இல் லீட்ஸின் ஹெடிங்லி மைதானத்தில் ட்ரூமன் ஆடிய முதல் டெஸ்ட் இந்தியாவுக்கு எதிராகத்தான். இரண்டாவது இன்னிங்ஸில் நாம் ஒரு ரன்கூட எடுக்காமல் நான்கு விக்கெட்டை இழந்தோம். அதில் மூன்று அவருக்கு. சின்ன வயதில் பெரியவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டு மனதில் ஏறிய கதை. பங்கஜ் ராய், கெய்க்வாட், மந்திரி, மஞ்ச்ரேக்கர் என்று அப்பா வரிசையாகச் சொல்ல, பக்கத்து பெஞ்சில் இருந்த உள்ளூர்ப் பெரியவர் எழுந்து வந்துவிட்டார். அவருடைய தகப்பனார் அந்த மேட்சை நேரில் பார்த்தவராம். டெஸ்டில் 300 விக்கெட் எடுத்த முதல் ஆள் ட்ரூமன், 1964-இல், ஓவல் மைதானத்தில் என்று அவர் சொல்ல, அப்பா தலையாட்ட, இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அப்பாவுக்கு ஆங்கிலம் மெதுவாகத்தான் வரும். அவருக்கோ அசல் யார்க்‌ஷர் பேச்சு. நாங்கள் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், அப்பா கைத்தடியைப் பிடித்து அவருக்கு ஏதோ ஒரு ஷாட்டை விளக்கிக்கொண்டிருந்தார். இங்கே வந்ததிலிருந்து அவர் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

* * *

அதே குழுவில் நானும் இருந்தேன். அண்ணன் கால்வாயை விட்டுவிட்டார், அதை நான் சொல்கிறேன்.

லீட்ஸ்–லிவர்பூல் கால்வாய் 1770-இல் வெட்டத் தொடங்கி 1816-இல்தான் முடிந்தது. நீளம் சுமார் 204 கிலோமீட்டர். நீளப் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். மணிக்கு நான்கு மைலுக்கு மேல் போகக்கூடாது, கரையில் நடப்பவர்களே முந்திப் போய்விடுவார்கள். வழியில் ஸ்விங் பிரிட்ஜ், அதாவது பக்கவாட்டில் சுழன்று வழிவிடும் பாலம், வந்தால் படகிலிருந்து நாம்தான் இறங்கித் திறக்க வேண்டும். நானும் தோழி ஒருத்தியும் பாலத்து உத்தரத்தைக் கையால் தள்ளு தள்ளென்று தள்ளுகிறோம், அசையவில்லை. நாயோடு வந்த ஒரு பாட்டி, "கையால் ஆகாதம்மா, முதுகைக் கொடுத்துக் காலை ஊன்று" என்று தானும் வந்து சாய்ந்தார். மெல்ல நகர ஆரம்பித்தது. நகர ஆரம்பித்ததும் அதுவே போகிறது. படகு கடந்து, பாலத்தைத் திரும்ப மூடும்வரை நின்றுவிட்டு, ஸ்கிப்டன் கோட்டைக்குள் இருக்கிற யூ என்ற பசுமை மாறா மரத்தைப் பார்க்காமல் போகாதீர்கள் என்றார். போனோம். இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் மூன்று வருட முற்றுகைக்குப் பின் 1645-இல் பணிந்த கோட்டை அது. பிறகு அதைப் பழுதுபார்த்துக் கட்டிய ஆன் கிளிஃபர்டு சீமாட்டி 1659-இல் நட்ட மரம் உள்முற்றத்தில் இன்னும் பச்சையாக நிற்கிறது. அறைகளில் சாமான் எதுவும் கிடையாது, வெறும் கல்தான். எனக்கு அந்த முற்றமே போதும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு, பழைய மடாலயத்தின் இடிபாடுகள் நிற்கிற போல்டன் அபே. பக்கத்து எம்ப்ஸேயிலிருந்து நீராவி ரயில் உண்டு, எல்லா நாளும் ஓடாது, நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். வார்ஃப் ஆற்றில் கல்மேல் கல்லாகக் கால் வைத்து அக்கரை போவது பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் மேலே ஸ்ட்ரிட் என்று ஆறு குறுகிப் பாய்கிற இடம் ஒன்று இருக்கிறது. தாண்டிவிடலாம் போலத் தெரியும், தாண்ட நினைக்கவே கூடாது. உள்ளே நல்ல ஆழம், பாறை வழுக்கும், உயிர்கள் போயிருக்கின்றன. அங்கே பிள்ளைகள் கையை விடாதீர்கள்.