54 வாட் டி5 டியூப் மதுரையில எங்க கிடைக்கும்?

தண்ணிக்குள்ள செடி வளர்க்குற 4 அடி அக்வேரியம் தொட்டி, செடிக்கு சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) வாயுவும் உண்டு. டி5 எச்ஓ (மெல்லிசான, கூடுதல் வெளிச்சம் தர்ற) 54 வாட் டியூப் 2, 6500 கெல்வின் (பகல் வெளிச்ச நிறம்), தினம் 8 மணி நேரம். 14 மாசம் ஓடிருச்சு. இன்னும் எரியுது, ஆனா முனையில விரலகலத்துக்குக் கருப்பு. டியூப்புக்குள்ள இருக்குற பாஸ்பர் பூச்சு மங்குறது நம்ம கண்ணுக்குத் தெரியாது, செடிக்குத் தெரியும்: ரொட்டாலாங்குற தண்டுச் செடி கணுவுக்குக் கணு நீண்டு, அடி இலை உதிருது. ரெண்டையும் ஒரே நாள்ல மாத்தினா பாசி கிளம்பும். ஒண்ணு இப்ப, அடுத்தது 3 வாரம் கழிச்சு.

டவுன் ஹால் ரோடு பக்கம் கேட்டா 28 வாட்டைத்தான் நீட்டுறாங்க. நீளம் அதேதான், மாட்டினா எரியவும் செய்யும். ஆனா 54 வாட் சோக்கு கூடுதல் கரண்ட் தள்ளி டியூப்பைச் சீக்கிரமே காலி பண்ணிடும்.

54 வாட் எந்தக் கடையில இருக்கு? எல்இடிக்கு மாறினவங்க இதே அளவு தொட்டிக்கு எத்தனை வாட் போட்டிருக்கீங்க?