அரசன் இல்லாத ஊர்கள்: இக்போ மக்களின் பழைய வழக்கங்களைக் கொண்டாடலாமா?

வேலிக்காத்தான்:

ஒரு மாதமாக நைஜீரியாவின் தென்கிழக்கில் வாழும் இக்போ மக்களைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னால் அவர்கள் ஊர்கள் நடந்த விதம் என்னைத் தூங்கவிடவில்லை. "இக்போ என்வே எசே" என்று அவர்களிடம் ஒரு சொலவடை உண்டு. இக்போவுக்கு ராஜா கிடையாது என்று பொருள். பெரும்பாலான ஊர்களில் உண்மையாகவே கிடையாது. ஒரே தகப்பன் வழி வந்த பங்காளிகள் கூட்டத்துக்கு உமுன்னா என்று பெயர். நிலத் தகராறு, கல்யாணம், வழக்கு எல்லாம் அங்கே பேசித்தான் முடியும். மூத்தவர் கையில் ஓஃபோ என்ற புனிதக் கட்டை இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு பொய் சொன்னால் முன்னோர்கள் சும்மா விடமாட்டார்கள். போலீஸ் இல்லை, சிறை இல்லை, யாருக்கும் யாரும் கப்பம் கட்டவில்லை.

வாரத்துக்கு நான்கே நாள்: எகே, ஓரியே, அஃபோ, என்க்வோ. ஊருக்கு ஊர் சந்தை எந்த நாள் என்பதுதான் நாட்காட்டியே. எகே அன்று பிறந்த பையன் ஒகேகே, அஃபோ அன்று பிறந்தவன் ஒகாஃபோ.

என் கட்சி இதுதான்: அது ஒரு குடியரசு. 1901-02இல் அரோச்சுக்வு என்ற இக்போ ஊர் மீது படையெடுத்து வந்த பிரிட்டிஷார் அதை உடைத்தார்கள். அப்புறம் இல்லாத ராஜாக்களைக் காகிதத்தில் எழுதி 'வாரண்ட் சீஃப்' என்று ஊர் ஊராக நியமித்தார்கள். மறுப்பவர்கள் வரலாம்.

செங்கல்சூளை:

வந்துவிட்டேன். சிறை இல்லை, சரி. காடு இருந்ததே? இரட்டைக் குழந்தை பிறந்தால் பானையில் வைத்துக் காட்டில் போட்டுவிட்டு வருவார்கள். உடம்பு வீங்கிச் செத்தவனுக்கும் தூக்குப் போட்டுக்கொண்டவனுக்கும் ஊர் மண்ணில் இடமில்லை. அவர்களுக்கும் அதே காடுதான்.

ஓசு என்று ஒரு கூட்டம் உண்டே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? ஏதோ ஒரு பாட்டனை எப்போதோ ஒரு தெய்வத்துக்கு நேர்ந்து விட்டிருப்பார்கள். அவ்வளவுதான், அவன் பேரன் கொள்ளுப்பேரன் வரைக்கும் யாரும் பெண் கொடுக்கமாட்டார்கள், எடுக்கமாட்டார்கள். இந்தக் கதையை எங்கோ கேட்ட மாதிரி இல்லையா? மேரி ஸ்லெஸ்ஸர் என்ற ஸ்காட்லாந்துப் பெண்மணி போய்த் தடுக்காவிட்டால், உங்கள் குடியரசு இன்னும் பானையைத் தூக்கிக்கொண்டுதான் போயிருக்கும்.

பழைய வாத்தியார்:

1980களில் எனுகு பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவன் நான். அந்தக் காலத்தில் இங்கிருந்து நிறைய ஆசிரியர்கள் நைஜீரியா போனோம். அந்த உரிமையில் ஒரு திருத்தம்: ஸ்லெஸ்ஸர் 1876இல் வந்து இறங்கியது கலாபரில். அவர் வாழ்நாளில் பெரும்பகுதி எஃபிக், ஒக்கோயோங், இபிபியோ மக்களிடையே கழிந்தது. அவர்கள் இக்போ அல்லர், பக்கத்து வீட்டுக்காரர்கள். இக்போவிடம் அந்த வழக்கம் இல்லை என்று நான் சொல்லவில்லை. இருந்தது. ஆனால் ஒரு பெயரைச் சொல்லும்போது ஊர் சரியாக இருக்கட்டும்.

வழக்கங்கள் புத்தகத்தில் மட்டும் இருப்பதாக நினைக்காதீர்கள். நான் போன புதிதில் சக ஆசிரியர் ஒருவர் தன் ஊருக்கு அழைத்துப் போனார். உட்கார்ந்ததும் ஒரு மரத்தட்டில் கோலாக் கொட்டை வந்தது. ஓஜி என்பார்கள். அதை யாரும் உடனே எடுத்து வாயில் போடவில்லை. தட்டு ஒவ்வொருவராகக் கைமாறிப் போயிற்று. யார் யாருக்கு எந்த வரிசையில் போகவேண்டும் என்பதற்கு உறவு முறை இருக்கிறது. தப்பினால் சண்டையே வரும். எல்லாரும் தொட்டுக் காட்டியபின் தட்டு வீட்டுக்காரரிடமே திரும்பி வந்தது. "ராஜாவின் கோலா ராஜா கையில்" என்று ஒரு பேச்சு வேறு (ராஜா இல்லாத ஊரில்!).

பிறகு இருப்பதில் மூத்தவர் கொட்டையை உயர்த்திப் பிடித்து வேண்டினார். எனக்காக ஆங்கிலத்தில் சொல்லலாமே என்று ஒரு பையன் கேட்டதற்கு எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கோலாவுக்கு இக்போ தவிர வேறு மொழி புரியாதாம். வேண்டுதலின் ஒரு வரியை நண்பர் காதோரம் சொன்னார்: "பருந்தும் அமரட்டும், கழுகும் அமரட்டும். ஒன்று மற்றதை அமராதே என்றால் அதன் இறக்கை ஒடியட்டும்." உடைத்ததும் பருப்பை எண்ணினார்கள். நான்கு! நான்கு சந்தை நாளும் வந்துவிட்டது என்று ஒரே மகிழ்ச்சி. இரண்டாகப் பிளக்கும் இன்னொரு வகைக் கோலா உண்டு, கொரோ என்று பெயர். அதை மெல்லுவார்கள், சடங்குக்கு எடுக்கமாட்டார்கள். அந்த வீட்டுக்காரர் ஞாயிறு தவறாமல் மாதா கோவிலுக்குப் போகிறவர்.

நடவுக்காரி:

வாத்தியார் சார், அந்தத் தட்டு எத்தனை பெண்கள் கைக்கு வந்தது?

பழைய வாத்தியார்:

ஒருவர் கைக்கும் வரவில்லை அம்மா. பெண்கள் கோலா உடைக்கக்கூடாது. அந்த மரத்தில் ஏறவும் கூடாது என்பார்கள்.

ஓட்டைச்சட்டி:

ராஜா இல்லை என்பதற்கு மண் வேறு பதில் சொல்கிறது. 1930களின் கடைசியில் இக்போ உக்வு என்ற ஊரில் ஒருவர் தன் வீட்டில் தண்ணீர்த் தொட்டிக்குக் குழி தோண்டினார், வெண்கலப் பாத்திரங்கள் வந்தன. 1959-60இலும் 1964இலும் தர்ஸ்டன் ஷா அங்கே முறையாக அகழ்ந்தார். காலம் கிட்டத்தட்ட 9ஆம் நூற்றாண்டு. மெழுகு வார்ப்பில் செய்த வெண்கலம். ஒரு நத்தைக்கூட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் பூச்சியைக்கூட விடாமல் வார்த்திருக்கிறார்கள். மணிகள் மட்டும் 1,60,000க்கு மேல்.

ஒரு குழியில் ஒருவரை முக்காலியில் உட்கார்ந்த நிலையில், தலையணியோடு, யானைத் தந்தங்களோடு புதைத்திருந்தார்கள். அந்த அறையின் கூரைக்கு மேலே குறைந்தது ஐந்து பேரின் எலும்புகள். அவர்கள் துணைக்கு அனுப்பப்பட்ட அடிமைகள் என்றுதான் பெரும்பாலும் கருதுகிறார்கள். வேலிக்காத்தான், இந்தக் குடியரசில் அந்த ஐந்து பேர் ஓட்டுப் போட்டார்களா?

வேலிக்காத்தான்:

குத்தல் நன்றாக இருக்கிறது. ஆனால் உட்கார்ந்திருப்பவர் யார்? இக்போ உக்வுவை என்ரி ஊரோடுதான் பலரும் சேர்த்துப் பார்க்கிறார்கள். எசே என்ரி, அதாவது என்ரியின் ராஜா, எப்படிப்பட்ட ராஜா? படை கிடையாது. ஒரு ஊரையும் அவர் வாள் எடுத்துப் பிடிக்கவில்லை. அவருடைய ஆட்கள் முகத்தில் இச்சி என்ற கீறல் தழும்போடு, கையில் சமாதானக் கோலோடு ஊர் ஊராகப் போவார்கள். எங்காவது மண்ணுக்குத் தீட்டு வந்துவிட்டால், அதாவது சொந்தக்காரனைக் கொன்றுவிட்டால், கிழங்கைத் திருடிவிட்டால், அவர்கள் வந்துதான் கழிக்கவேண்டும். வழியில் யாரும் அவர்கள் மேல் கை வைக்கமாட்டார்கள். ரத்தம் சிந்துவதே மண்ணுக்குத் தீட்டு என்ற ஒரு எண்ணத்தை மட்டும் வைத்து நூற்றாண்டுகளாக நடந்த அதிகாரம் அது. வேறு எங்கே பார்த்திருக்கிறீர்கள்?

செங்கல்சூளை:

அந்த என்ரியின் கதையை முழுக்கச் சொல்லுங்களேன். பசியில் ஊர் வாடியபோது சுக்வு என்ற பெரிய தெய்வம் அந்த ஊரின் மூதாதையான என்ரியிடம் மூத்த மகனையும் மகளையும் கொன்று புதைக்கச் சொன்னது. மகன் குழியில் ஜி என்ற பெருவள்ளிக்கிழங்கு முளைத்தது, மகள் குழியில் சேம்பு முளைத்தது. ரத்தம் தீட்டு என்று ஊருக்குச் சொன்னவரின் சோறே அந்தக் குழியில் முளைத்ததுதான்.

வேலிக்காத்தான்:

அது தொன்மம்! தொன்மத்தை எஃப்.ஐ.ஆர். மாதிரி வாசிக்கக்கூடாது.

செங்கல்சூளை:

ஐந்து எலும்புக்கூடும் தொன்மமா?

நடவுக்காரி:

இரண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். அந்தக் கதையிலேயே ஒரு விஷயம் இருக்கிறது. மகனுக்குப் பெருவள்ளி, மகளுக்குச் சேம்பு. நிலத்திலும் அப்படியே பிரித்தார்கள். பெருவள்ளி ஆண்களின் பயிர். அதற்குத் தனித் தெய்வம், ஆகஸ்ட் வாக்கில் புதுக்கிழங்குத் திருவிழா. மூத்தவர் முதல் கிழங்கைப் படைத்துத் தானும் தின்னாமல் மற்றவர்கள் புதுக்கிழங்கைத் தொடக்கூடாது. சேம்பு பெண்களின் பயிர். அதற்கு அந்த அளவு மேளதாளம் இல்லை, ஆனால் கிழங்கு தீர்ந்த மாதங்களில் வயிற்றை ஓட்டியது அதுதான்.

ஆகவே வேலிக்காத்தான் சொல்கிற குடியரசு பாதிப் பேருக்குத்தான் குடியரசு. அதற்காக மற்ற பாதி வாயை மூடிக்கொண்டு இருந்ததா என்றால் அதுவும் இல்லை. ஒருவன் பெண்டாட்டியை அடித்தாலோ, அவன் மாடு பெண்களின் பயிரை மேய்ந்தாலோ, ஊர்ப் பெண்கள் கூட்டம் போட்டு அவன் வீட்டு வாசலுக்குப் போவார்கள். ராத்திரி முழுக்கப் பாட்டு. அவன் மானத்தை வாங்கும் பாட்டு. உலக்கையால் சுவரை இடிப்பார்கள், சில சமயம் கூரையையே பிரித்துவிடுவார்கள். அவன் தப்பை ஒப்புக்கொள்ளும் வரை நகரமாட்டார்கள். இதற்கு 'ஆண் மேல் உட்காருவது' என்று பெயர். ஊர் ஆண்கள் குறுக்கே வரமாட்டார்கள்.

கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து பிறந்த ஊருக்குத் திரும்பி வரும் மகள்களுக்கு உமுஆடா என்று தனிச் சபை. சாவு வீட்டில் அவர்கள் வைத்ததுதான் சட்டம். அண்ணன் தம்பிகளே நடுங்குவார்கள். பிள்ளை இல்லாத ஒரு வசதியான பெண் இன்னொரு பெண்ணுக்குப் பெண்பணம் கொடுத்து மனைவியாக்கிக்கொள்ளலாம். பிறக்கும் பிள்ளைகள் அவள் பெயரில் வளரும்.

1929இல் பெண்களை எண்ணி வரி போடப்போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது, இவர்கள் அதே 'உட்காருவதை' வாரண்ட் சீஃப்கள் வீட்டு வாசலில் செய்தார்கள். பிரிட்டிஷ் அதிகாரிக்கு அது கலவரமாகத் தெரிந்தது. சுட்டார்கள். 50க்கும் மேற்பட்ட பெண்கள் செத்தார்கள்.

வேலிக்காத்தான்:

பார்த்தீர்களா? இதைத்தான் நானும் சொல்கிறேன். இரட்டைக் குழந்தை விஷயம் கொடுமை, ஒப்புக்கொள்கிறேன். அதைத் தள்ளிவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டால் என்ன?

பழைய வாத்தியார்:

அப்படித் தள்ள முடியாது தம்பி. எனக்கும் இது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. அலா என்று அவர்களுக்கு மண் தாய். சில பக்கம் அனி என்பார்கள். பயிர் கொடுப்பவள் அவள், செத்தவர்களை மடியில் வைத்திருப்பவளும் அவள், ஒழுக்கத்துக்குச் சொந்தக்காரியும் அவள். செய்யக்கூடாதவற்றுக்கு 'என்சோ அலா' என்று ஒரே பெயர்: மண்ணின் விலக்கு. சொந்தக்காரனைக் கொல்வது என்சோ அலா. பயிரைத் திருடுவது என்சோ அலா. இரட்டைப் பிள்ளை பெறுவதும் என்சோ அலா! மனிதப் பிறப்பு ஒன்று, மிருகம்தான் குட்டிகளாகப் போடும் என்பது கணக்கு. உங்களுக்குப் பிடித்த சட்டமும் செங்கல்சூளைக்குப் பற்றி எரிகிற சட்டமும் ஒரே தெய்வத்தின் வாயிலிருந்து ஒரே சொல்லில் வந்தவை. ரத்தம் சிந்தப் பயந்த அதே பயம்தான் அந்தப் பானையைத் தூக்கவைத்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. அதே அலாவுக்கு ஒவெரி பக்கத்தில் இம்பாரி வீடு கட்டுவார்கள். தெய்வம் கேட்கிறது என்று குறிசொல்பவர் சொன்னால், ஊர் ஆட்களில் சிலர் வேலியடைத்த இடத்தில் மாதக்கணக்கில் ஒதுங்கியிருந்து செம்மண்ணில் உருவங்களைச் செய்வார்கள். நடுவே அலா, சுற்றிலும் மிருகங்கள், தாய்மார்கள், தையல்காரன், பிற்காலத்தில் தொப்பி போட்ட வெள்ளைக்காரன்கூட. திறந்து காட்டியபின் அதைப் பராமரிக்கமாட்டார்கள். மழையில் கரைந்து மண்ணோடு போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். செய்து முடிப்பதுதான் படையல்.

செங்கல்சூளை:

வாத்தியார் சொன்னதை ஏற்கிறேன், அதுவும் என் பக்கத்துக்கே சாட்சி. வேரோடு வருவதை வேரோடுதான் எடுக்கவேண்டும். பாதிரியார்கள் எடுத்தார்கள்.

ஓட்டைச்சட்டி:

எடுத்தார்களா? ஓசு முறையை 1956இல் கிழக்கு நைஜீரிய சட்டசபை சட்டம் போட்டு ஒழித்தது. மதம் மாறி நூறு வருடம் ஆகிறது, தெய்வமே இல்லை, நேர்ந்துவிட்ட கோவிலும் இல்லை. ஆனால் இன்றும் கல்யாணம் பேசும்போது விசாரிக்கிறார்கள். அப்படியென்றால் வேர் எந்த மண்ணில் இருக்கிறது?

வேலிக்காத்தான்:

அதோடு ஓசு எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி இருந்ததா என்பதும் கேள்வி. அட்லாண்டிக் அடிமை வியாபாரம் கொழுத்த காலத்தில் அரோச்சுக்வு ஊரின் அரோக்காரர்கள் தங்கள் இபினி உக்பாபி என்ற குறிக்கோவிலை வைத்தே ஆள் பிடித்தார்கள். வழக்குக்கு வந்தவனை 'தெய்வம் தின்றுவிட்டது' என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, பின்வழியாகக் கடற்கரைக்கு விற்றுவிடுவார்கள். அந்தக் காலத்தில் விற்கப்படாமல் தப்புவதற்காகத் தானாகவே ஒரு தெய்வத்திடம் ஓடிப்போய் ஓசு ஆனவர்கள் உண்டு. தெய்வத்தின் சொத்தை எவனும் தொடமாட்டான் அல்லவா?

நடவுக்காரி:

அப்போது பிரிட்டிஷார் உடைத்தது உங்கள் தூய்மையான பழங்காலத்தை இல்லை, ஏற்கெனவே முந்நூறு வருடமாகக் கப்பல்காரர்களோடு வியாபாரம் செய்து வளைந்துபோன ஒன்றை. நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

பழைய வாத்தியார்:

ஓசு பற்றி நான் பார்த்தது. பக்கத்துப் பள்ளியில் ஒரு ஆசிரியைக்கும் எங்கள் பள்ளியில் ஒருவருக்கும் கல்யாணம் முடிவாகியிருந்தது. இரண்டு வீடும் ஒரே சர்ச். பையனின் அத்தைமார்கள், அதாவது அந்த உமுஆடா, பெண்ணின் ஊருக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார்கள். கல்யாணம் நின்றுபோயிற்று. என்ன காரணம் என்று கேட்டேன். "அவர்கள் வீடு அந்தப் பக்கம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பேச்சை அன்றைய பரீட்சைத் தாளுக்குத் திருப்பினார்கள். ஆசிரியர் அறையில் ஒருவர் வாயிலிருந்தும் அந்தச் சொல் வரவில்லை.

செங்கல்சூளை:

நடவுக்காரி கொண்டாடிய அதே சபைதானே போய் விசாரித்தது?

நடவுக்காரி:

ஆமாம். அதே சபைதான்.

வேலிக்காத்தான்:

முதல் பதிவில் 'யாருக்கும் யாரும் கப்பம் கட்டவில்லை' என்ற வரியை மட்டும் எடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். என்ரிக்குக் காணிக்கை போனது உண்மை. 'குடியரசு' என்பதை எடுக்கமாட்டேன்.

செங்கல்சூளை:

'சிறை இல்லை' என்பதையும் எடுங்கள்.

வேலிக்காத்தான்:

அது உண்மைதானே ஐயா, இல்லையே!