இறங்குமுகக் கரைதிறன்: 'தலைகீழ்' வேண்டாமே

வணக்கம்.

கரைதிறன் என்பது குறிப்பிட்ட அளவு நீரில் ஒரு பொருள் எவ்வளவு கரையும் என்பது. சூடு ஏற ஏறக் குறைகிற கரைதிறனைத் தமிழில் என்னவென்று சொல்வது? இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகள் மூன்று: எதிர்மறை, பின்னோக்கு, தலைகீழ். எதிர்மறை என்றாலே சுழிக்குக் கீழே இறங்கிய எண்தான் நினைவுக்கு வரும். கரைதிறன் அங்கே போகவே போகாது. பின்னோக்கு என்பது ஆங்கிலத்தின் 'ரெட்ரோகிரேட்' என்பதை அப்படியே பெயர்த்தது. எதற்குப் பின்னால் என்று கேட்டால் பதில் இல்லை.

தலைகீழ் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே 'தலைகீழ் விகிதம்' ஒளிந்திருக்கிறது. வெப்பநிலை இரட்டித்தால் கரைவது பாதியாகும் என்று மாணவர் கணக்குப் போட்டுவிடுவார்.

என் முன்மொழிவு, இறங்குமுகக் கரைதிறன். ஏறுமுகம், இறங்குமுகம் இரண்டும் விலைவாசிப் பேச்சில் தினமும் புழங்கும் சொற்கள். வரைபடத்தைப் பார்த்ததும் வாயில் வருபவையும் அவைதான். சோடியம் சல்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் நீரில் 0 டிகிரியில் சுமார் 5 கிராம் கரைகிறது, 32.4 டிகிரியில் அது 50 கிராமை நெருங்குகிறது. அதற்கு மேல் குறையத் தொடங்கி 100 டிகிரியில் 42 கிராம் அளவில் நிற்கிறது. காரணம், 32.4 வரை கரைசலின் அடியில் கிடப்பது பத்து நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்ட படிகம்; அது வெப்பத்தை உறிஞ்சிக் கரையும். அதற்கு மேல் கிடப்பது நீரற்ற உப்பு. அது வெப்பத்தை வெளிவிட்டுக் கரையும். ஒரே பொருள், பாதி வழி ஏறுமுகம், மீதி இறங்குமுகம். இதைத் 'தலைகீழ்' எப்படிச் சொல்லும்?

இறங்குமுகத்தை வகுப்பில் காட்ட எளியது தெவிட்டிய, அதாவது இனிமேல் கரையாத அளவுக்குச் சுண்ணாம்பு கரைந்த, சுண்ணாம்புத் தெளிநீர். சோதனைக்குழாயில் சூடாக்கினால், கண்ணாடிபோல் இருந்தது மெல்லக் கலங்கும். மூச்சுக்காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு சுண்ணாம்போடு சேர்ந்து கரையாத கார்பனேட்டாகிக் கலக்கியது என்று யாராவது சொல்வார்கள். ஆறவிடுங்கள், சூட்டில் பிரிந்த சுண்ணாம்பு மீண்டும் கரைந்து கலங்கல் மெல்லத் தெளியும். கார்பனேட்டாக இருந்தால் அப்படித் தெளியாது.

சரி, சமையல் உப்புக்கு எந்த முகம்? 20 டிகிரியில் 36 கிராம், 100 டிகிரியில் 39. ஏறுமுகம்தான், கண்ணுக்குத்தான் தெரியவில்லை! பொட்டாசியம் நைட்ரேட் அதே இடைவெளியில் 32 கிராமிலிருந்து 240-ஐத் தாண்டிவிடும்.

அப்புறம், 'தெவிட்டிய'வா 'நிறைவுற்ற'வா என்ற சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்வோம்.